சேலத்து இரும்பும் பாஸ் கிதார் கம்பியும்

பாஸ் கிதாரில் புதுக் கம்பி மாட்டினால் சுருதி உடனே நிற்காது. ஏற்றி வைத்தால் இறங்கும். மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் கம்பி அறுவதில்லை. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுவிசையைத் தாங்குகின்றன. இந்த எஃகின் கதையில் நம்ம சேலத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பழங்காலத்தில் இசைக்கருவிகளுக்கு விலங்கின் நரம்புதான். யாழின் தந்தியை 'நரம்பு' என்று சொன்னதும் அதனால்தான். மேல்நாட்டு டபுள் பாஸிலும் 20-ஆம் நூற்றாண்டு வரை குடல் நரம்பே கட்டினார்கள்.

சேலத்துக் கஞ்சமலையில் இரும்புத்தாது நிறைய. இந்தப் பக்கத்துக் கொல்லர்கள் மண்குகையில் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து, வாயை மூடி, உலையில் உருக்கி எஃகு செய்தார்கள். இதைக் கவனித்து எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதை உருக்க ஆலை தொடங்கினார். அது லாபம் தரவில்லை.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைத்தது. ஷெஃபீல்டு முதலாளிகள் லாபம் பார்த்தார்கள். ஆனால் அவருடைய ஏஜெண்டே முறையைச் சற்று மாற்றி, காப்புரிமைக்குள் வராது என்றார். வழக்கு பல வருடம் நடந்தது. 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே வந்தது.

1854-இல் பர்மிங்ஹாம் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் எஃகுக் கம்பியை வெப்பத்தால் பதப்படுத்தி வலுவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பியானோ கம்பி உறுதியானது. 1951-இல் ஃபெண்டரின் பாஸ் கிதார் வந்தது. அதன் கம்பிகளுக்கு நடுவில் இருப்பதும் இந்த வகை எஃகுதான். அதில் இன்றும் சிறிதளவு மாங்கனீஸ் உண்டு.

அப்படியானால் புதுக் கம்பி ஏன் இறங்குகிறது? பெரும்பாலும் எஃகு நீள்வதால் அல்ல. முளையில் சுற்றிய சுற்றுகள் இறுகுகின்றன, வளைவுகள் படிகின்றன. அதனால் ஒவ்வொன்றாக மாற்றி, முளையில் சுற்று ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும்படி சுற்றி, கம்பியை மெல்ல இழுத்துவிட்டுச் சுருதி சேர்த்தால் சீக்கிரம் நிலைக்கும்.

கம்பி நிலைத்துவிடுகிறது. அந்த எஃகுக்கு வழி காட்டிய கொல்லர்களின் பெயர்தான் எங்கும் நிலைக்கவில்லை.