ஈம் கிராமத்துத் தேவாலயம்

இங்கிலாந்து தேசத்தின் டார்பிஷயர் மலைநாட்டில் ஈம் என்றொரு சிற்றூர் உளது. அங்குள்ள புனித லோரன்ஸ் தேவாலயம் மத்திய காலத்தில் எழுந்தது. அதன் முற்றத்துக் கற்சிலுவையோ அதனினும் பழைமையானது.

1665ஆம் ஆண்டு, இலண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் இவ்வூருட் புகுந்தது என்பர். அயலூர்களையாவது காக்கும் பொருட்டு, ஊரெல்லையை எவரும் கடவாதிருக்குமாறு 1666இல் குருவானவர் வில்லியம் மொம்பெசன் வேண்டினார். முன்னைய குருவானவர் தோமஸ் ஸ்டான்லியும் அவருக்குத் துணைநின்றார். மக்கள் இசைந்தனர். தேவாலயக் கதவு அடைக்கப்பட்டது. திறந்த பள்ளத்தாக்கிலே, குடும்பங்கள் ஒன்றையொன்று விலகி நிற்க, வழிபாடு நடைபெற்றது.

ஏறக்குறைய 260 பேர் மாண்டனர். குருவானவரின் மனைவி கதரினும் அவர்களுள் ஒருவர். அவரது கல்லறை தேவாலய முற்றத்தில் உளது. அயலூர்களோ தப்பின.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாத இறுதி ஞாயிறன்று, ஊரார் அதே பள்ளத்தாக்கிற் கூடி அவர்களை நினைவுகூருகின்றனர்.