கீர்த்தனை அமைப்பு, கிறிஸ்தவ ஆராதனையில்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இயற்றி, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பாதிரியார் 1853-இல் தொகுத்து வெளியிட்ட பின்னர்ப் பொது ஆராதனையில் நன்கு வேரூன்றிய தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடகர் குழு, சபையார், வாத்தியங்கள் ஆகிய மூன்றுக்கும் இசையப் பங்கிட்டு அமைக்கும் கலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்தோர் வாழும் தாராவி போன்ற இடங்களின் தமிழ்ச் சபைகளில் இக்கீர்த்தனைகளும் மேனாட்டு மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டுகளும் ஒருங்கே வழங்குகின்றன.

பாமாலை மெட்டுகள் பெரும்பாலும் நான்கு குரல்களுக்கென அமைந்தவை. ஆதலின் சபையார் மெட்டைப் பாட, குழுவினர் ஆல்ட்டோ, டெனர், பாஸ் குரல்களைச் சேர்ப்பதில் சிரமமில்லை. கீர்த்தனையோ ராகத்துக்குக் கட்டுப்பட்டது. சான்றாக, மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் இல்லை. மேனாட்டு இசை இன்றியமையாததெனக் கொள்ளும் நான்காம், ஐந்தாம் நிலைச் சுரக்கூட்டுகளோ இவ்விரு ஸ்வரங்களையே வேண்டுவன. அவற்றை ஆர்மோனியத்தில் தாராளமாக இட்டால் ராகத்தின் ஸ்வரூபமே கெடும். ஆண்குரல்கள் ஷட்ஜ பஞ்சமங்களைத் தாங்கி நிற்க, வயலின் மெட்டைத் தழுவிச் செல்வதே உத்தமம். பல்லவியைச் சபையாருக்கும், சற்றே கடினமான அநுபல்லவியையும் சரணங்களையும் குழுவினருக்கும் அளித்து, முதியோர் சாரீரத்துக்கும் எட்டும் சுருதியை முன்னரே நிச்சயித்தல் வேண்டும்.