குன்னூர் எலிகளும் குழந்தைகளின் கல்லும்



"பிள்ளைக்குக் கிட்னியில கல்லாம் சார், பாலை நிறுத்திட்டோம்." இந்தக் கோடையில் நம்ம அடி அண்ணாமலையிலேயே இரண்டு வீடுகளில் இதைக் கேட்டுவிட்டேன். அதனால்தான் இந்தப் பழங்கதை.

குழந்தைகளுக்குக் கல் வருவது புதிதல்ல. சிறுநீர்ப்பையில் உண்டாகும் கல் சிறுவர்களுக்கு அதிகம் என்று சுஸ்ருத சம்ஹிதையே சொல்கிறது. அறுத்து எடுக்கும் முறையும் அதில் இருக்கிறது. ஆனால் அரசனிடம் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டுமாம். பிழைப்பது அவ்வளவு சந்தேகம்! கல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் கொடுமைதான். ஐரோப்பாவில் உலோகக் கம்பியைச் சிறுநீர் வரும் வழியே உள்ளே விட்டு, கல்லில் பட்டு 'டக்'கென்று சத்தம் வருகிறதா என்று பார்த்தார்கள். மயக்க மருந்து 1846-இல்தான் வந்தது, எக்ஸ்ரே 1895-இல். அதற்கு முன் பிள்ளையை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எல்லாம்.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் நம் நீலகிரியில் கிடைத்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ஒற்றை அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். (அதுதான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.) வட மேற்கு இந்தியாவில் கல் நோய் அதிகமாகவும் சென்னை மாகாணத்தில் குறைவாகவும் இருந்தது அவரை யோசிக்க வைத்தது. எலிகளுக்கு வைட்டமின் ஏ குறைந்த, வெறும் தானிய உணவைக் கொடுத்தார், கல் வந்தது. அதே உணவோடு பாலும் கொடுத்தார், வரவில்லை. பிள்ளைகளின் சாப்பாடு மேம்பட்ட நாடுகளில் சிறுநீர்ப்பைக் கல் ஏறக்குறைய மறைந்தே போனது. அதில் டாக்டர்களைவிட அடுப்படிக்குப் பங்கு அதிகம்.

இன்று நாம் பார்ப்பது சிறுநீரகக் கல், அது வேறு. வெயில், குறைவான தண்ணீர், உப்பு மிகுந்த பாக்கெட் தீனி, சிலருக்குப் பரம்பரை என்று காரணங்களும் வேறு. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகளை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்!

ஆனால் பால் விஷயம் இதற்கும் பொருந்தும். உணவில் உள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் கூடுதலாக உடம்பில் ஏறும், வளரும் எலும்பும் கெடும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், உப்பைக் குறையுங்கள்.

இப்போது கண்டுபிடிக்க வலியில்லாத ஸ்கேன் போதும். சின்னக் கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பெரிதானால் அதிர்வலையாலோ லேசராலோ உடைக்கிறார்கள். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெளியே வந்த கல்லை எறிந்துவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். அது என்ன வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் தடுக்க வழி சொல்ல முடியும்.