லேசர்ல பெயர் பொறிச்ச டோர்மேட்: மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி மேட்டைத் திருப்பிப் பாருங்க!

பெருங்குடி, ஓஎம்ஆர் பக்கம் புது அடுக்குமாடி வீடுகளுக்குக் குறைவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு இப்போது ஒரு புது வழி கிடைத்திருக்கிறது. வீட்டு எண், 'நல்வரவு', 'செருப்பை வெளியவே கழட்டுங்க' என்று கேட்கிற வாசகத்தைப் போட்டுத் தரும் டோர்மேட்.

ஒரு லேசர் மெஷின் வாங்கிப் போட்டால் வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைத் தொடங்கலாம் என்று சொல்லும் வீடியோக்களும் செல்போனில் வரிசைகட்டி வருகின்றன. மேட்டை வைத்து பட்டனைத் தட்டினால் எழுத்து தயார். பார்க்க அவ்வளவு சுலபமாகத்தான் இருக்கும்.

ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா மேட்டையும் லேசருக்கு அடியில் வைக்க முடியாது. தவறான மேட்டை வைத்தால் மெஷினும் கெடும், நுரையீரலும் கெடும். ஏன்? எந்த மேட் சரி? பணம் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

லேசர் எப்படி எழுதுது?

லேசர் மையால் எழுதுவதில்லை, சூட்டால் எழுதுகிறது. மிக நுண்ணிய புள்ளியில் ஒளி குவிகிறது. அந்த இடத்தில் உள்ள பொருள் கருகும், உருகும் அல்லது ஆவியாகும். அந்தத் தழும்புதான் நாம் பார்க்கும் எழுத்து.

சிறு தொழிலில் பெரும்பாலும் இரண்டு வகை மெஷின்கள் பயன்படுகின்றன. ஒன்று நீல ஒளி தரும் டயோடு லேசர். இதன் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு லேசர். இதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், அதாவது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் படேல். இன்று ரப்பர் ஸ்டாம்ப் கடையிலும் அக்ரிலிக் பெயர்ப்பலகைக் கடையிலும் ஓடுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

சரி, மேட்ல என்ன சிக்கல்?

வாசலில் போடும் பழுப்பு நிற மேட் தேங்காய் நாரால் ஆனது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி வட்டாரமும் கேரளத்தில் ஆலப்புழையும் கயிறு, நார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தேங்காய் நாரில் லிக்னின் என்ற கடினமான பொருள் அதிகம். அதனால்தான் ஈரம் பட்டாலும் சீக்கிரம் மக்குவதில்லை. லேசர் பட்டால் நார் கருகி எழுத்து விழும். நார் வரைக்கும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை மேட்டின் முதுகில் இருக்கிறது. மேட்டைத் திருப்பிப் பாருங்கள். பல மேட்களில் நார்களைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். அது பெரும்பாலும் பிவிசி, அதாவது பாலிவினைல் குளோரைடு. கூழ் போன்ற பிவிசியில் நார்களைச் செங்குத்தாக நட்டு, சூடேற்றி இறுக வைத்துத் தயாரிக்கிறார்கள்.

பெயரிலேயே குளோரைடு இருக்கிறது, கவனித்தீர்களா? லேசரின் சூடு பட்டதும் பிவிசியில் இருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண், மூக்கு, தொண்டை எல்லாமே ஈரமான இடங்கள்தான். எரிச்சல், இருமல், மூச்சுத் திணறல் வரும். மெஷினின் தண்டவாளம், கண்ணாடி, லென்ஸ் ஆகியவற்றையும் அது அரிக்கும். அதனால்தான் லேசர் மெஷினில் பிவிசியை வைக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

'மேல நாரைத்தானே கருக்குறோம், அடி வரைக்கும் ஏன் போகுது?' என்று தோன்றலாம். நார்கள் செங்குத்தாக நிற்பவை. அவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. கதிர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடிப்படலத்தைத் தொட வாய்ப்பு உண்டு. மேட்டை வடிவமாக வெட்டினாலோ நிச்சயம் தொடும்.

எந்த மேட்டுக்கு லேசர் ஓகே?

பின்புறம் பிளாஸ்டிக்கே இல்லாமல், தறியில் நெய்து கயிற்றால் கட்டிய முழு நார் மேட்: பொறிக்கலாம். ஆனால் பழுப்பின் மேல் கரும்பழுப்பு என்பதால் எழுத்து பளிச்சென்று தெரியாது. கருகிய நார் நுனி காலடி பட்டு உதிரும், எழுத்து நாளடைவில் மங்கும்.

லேசருக்கென்றே விற்கும் ரப்பர் ஷீட்: பொறிக்கலாம். நாற்றமும் தூசியும் அதிகம் என்பதால் புகை வெளியேற்றும் வசதி கட்டாயம்.

நியோபிரீன் வகை ரப்பர்: வேண்டாம். இதிலும் குளோரின் இருக்கிறது.

நைலான், பாலிபுரொப்பிலீன் மேட்: கருகுவதை விட உருகுவதுதான் அதிகம். எழுத்தின் ஓரம் கட்டிதட்டிப் போகும்.

பருத்தி மேட்: எழுத்து விழும். தீப்பிடிக்கும் வாய்ப்பும் கூடுதல்.

பிவிசி முதுகு உள்ள நார் மேட்: லேசருக்கு வேண்டவே வேண்டாம்.

பிவிசியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் மொத்த விற்பனையாளரிடம் கேளுங்கள். 'ரப்பர் பேக்கிங்' என்று வாயால் சொன்னால் போதாது. பில்லிலோ பொருள் விவரத் தாளிலோ என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆய்வகங்களில் செய்யும் ஒரு எளிய சோதனையும் உண்டு. செம்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக் மீது தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுவார்கள். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு பைல்ஸ்டீன் சோதனை என்று பெயர். பழக்கமில்லாதவர்கள் வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. பெரிய அளவில் சரக்கு எடுப்பவர்கள் பிளாஸ்டிக் பரிசோதனைக் கூடத்தை நாடலாம். மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், பெருங்குடியில் இருந்து அதிக தூரமில்லாத கிண்டியில்தான் இருக்கிறது.

சந்தேகம் தீரவில்லையா? பிவிசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ பிவிசி மேட்ல பெயர் போடவே முடியாதா?

போடலாம். லேசரை மேட்டில் காட்டாமல், அச்சுத்தாளில் காட்ட வேண்டும். அதாவது ஸ்டென்சில் முறை.

முதலில் தடிமனான அட்டையில் எழுத்து வடிவத்தை லேசரால் வெட்டி எடுக்க வேண்டும். பலமுறை பயன்படுத்த வேண்டும் என்றால் பாலியஸ்டர் ஷீட் நல்லது. அதற்கு கார்பன் டை ஆக்சைடு லேசர் வேண்டும். ஒளி ஊடுருவும் ஷீட்டை நீல டயோடு லேசர் வெட்டாது.

வெட்டிய ஸ்டென்சிலை மேட்டின் மேல் அசையாமல் பதித்து, வெளிப்புறத்துக்கான பெயின்ட்டை விறைப்பான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகக் குத்திக் குத்திப் பூச வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் பெயின்ட் ஸ்டென்சிலுக்கு அடியில் ஓடி எழுத்து கலைந்துவிடும். பூசி முடித்ததும் ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். கறுப்போ வெள்ளையோ, எழுத்து பளிச்சென்று நிற்கும். மங்கினால் அதே ஸ்டென்சிலை வைத்து மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் 'வினைல்' ஷீட்டும் பெரும்பாலும் பிவிசிதான். அதை லேசரில் வெட்டக் கூடாது. பிளேடால் வெட்டும் கட்டிங் பிளாட்டர் மெஷின் உள்ள ஸ்டிக்கர் கடையில் கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

தமிழ் எழுத்துன்னா என்ன கவனிக்கணும்?

சில மென்பொருள்கள் தமிழைச் சரியாகக் காட்டாது. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' போன்றவற்றில் இது அடிக்கடி நடக்கும். இதற்கு வழி, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை மெஷினுக்கு அனுப்புவதுதான்.

ஸ்டென்சிலுக்கு இன்னொரு விஷயம். 'க', 'வ', 'ண' போன்ற எழுத்துகளுக்குள் மூடிய வளையம் இருக்கிறது. அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னப் பாலம் விட்டு வரைய வேண்டும். மெல்லிய எழுத்து நாரில் தொலைந்துபோகும். விரல் பருமனுக்குக் கோடு இருந்தால் நல்லது.

மெஷின் வாங்கலாமா? ஒரு கணக்கு

சாதாரண டோர்மேட் 60 x 40 செ.மீ. இருக்கும். ஆனால் சிறிய மெஷின்களில் சிலவற்றின் வேலைத்தளம் 30 x 20 செ.மீ. மட்டுமே. விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த அளவைப் பாருங்கள்.

அடுத்தது நேரம். 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் எழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0.2 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டால் 750 கோடுகள். வினாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் ஒரு கோட்டுக்கு 8 வினாடி. மொத்தம் 100 நிமிடங்கள். ஒரு மேட்டுக்கே இவ்வளவு நேரம்! ஸ்டென்சில் முறையில் எழுத்தின் ஓரத்தை மட்டும் வெட்டினால் போதும், அதுவும் ஒரே ஒரு முறை.

அடுத்தது பணம். உதாரணத்துக்கு மெஷின், புகைக்குழாய், குளிரூட்டி எல்லாம் சேர்த்து 1.5 லட்சம் ரூபாய் ஆகிறது, ஒரு மேட்டில் கையில் நிற்பது 150 ரூபாய் என்றால், போட்ட பணத்தை எடுக்கவே 1,000 மேட் விற்க வேண்டும். அதனால் முதல் 10 ஆர்டருக்கு ஸ்டென்சிலை வெளியில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். ஆர்டர் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்த பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

ஃப்ளாட்டுக்குள்ள மெஷின் வைக்கலாமா?

நச்சுப்புகை என்றால் என்னவென்று பெருங்குடிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் இங்குள்ள குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, பல நாள் புகைந்து சுற்றுவட்டார மக்களைத் திணறடித்தது. லேசர் மெஷினின் புகை அளவில் சிறியதுதான். ஆனால் பூட்டிய படுக்கையறையில் அது சிறியதல்ல. புகைக்குழாயைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவதும் தீர்வல்ல. காற்றோட்டமான தனி இடம், வெளியேற்றும் விசிறி, வடிகட்டி மூன்றும் வேண்டும். பிவிசி மேட்டின் வெட்டுத் துண்டுகளை எரிக்கவும் கூடாது.

கவனிக்க வேண்டிய மற்ற விஷயங்கள்:

கண்: மூடியில்லாத டயோடு லேசரைப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இயக்கக் கூடாது. கண்ணாடி அந்த அலைநீளத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒரு வகை லேசருக்கான கண்ணாடி இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம்.

தீ: மெஷின் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காய்ந்த தேங்காய் நார் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மின்சாரம்: கார்பன் டை ஆக்சைடு லேசர் குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் போகிறது. எர்த் இணைப்பு சரியாக இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

வெயில்: இந்தக் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் சுமார் 20 டிகிரியில் இருப்பது நல்லது. சென்னையின் மே மாத வெயிலில் வெறும் வாளித் தண்ணீர் தாங்காது, சில்லர் தேவைப்படும். தண்ணீரை மிகவும் குளிர வைத்தாலும் கடலோர ஈரக்காற்றில் குழாய் வியர்க்கும்.

மேட்ல எதை எழுதக் கூடாது?

மேட் என்பது காலடியில் கிடப்பது. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் இது. சாமி பெயர், சாமி படம் வேண்டாம். குழந்தை பெயரையோ பெரியவர்கள் பெயரையோ மிதிக்கப் பலருக்கு மனம் வராது. ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டு எண், நல்வரவு, கோலம் போன்றவற்றால் யாருக்கும் சங்கடம் இல்லை.

தேசியக் கொடி கூடவே கூடாது. 2017 ஜனவரியில், இந்தியக் கொடி அச்சிட்ட டோர்மேட் அமேசானின் கனடா இணையதளத்தில் விற்பனைக்கு வந்தது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் கடும் கண்டனம் தெரிவித்ததும் அது நீக்கப்பட்டது. தேசியக் கொடியை அவமதித்தால், 1971-ம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கிரிக்கெட் சீசனில் யாராவது கேட்டாலும் 'முடியாது' என்றே சொல்லிவிடுங்கள்.

பதிவு, கடன் எங்கே?

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். ஆதார் எண் தேவை. இதற்கு யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி), நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 15 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25 சதவீதமும் மானியம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, தற்போதைய விதி என்ன என்பதை மாவட்ட தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மெஷினுக்கு முன்பணம் கொடுங்கள்.

சுருக்கமா சொன்னா...

மேட்டின் முதுகு பிவிசி என்றால் லேசர் வேண்டாம், ஸ்டென்சில் போதும். முதுகு என்னவென்று தெரியாவிட்டாலும் அதே பதில்தான். பிளாஸ்டிக்கே இல்லாத நார் மேட் என்றால், புகை போக வழி செய்துவிட்டுப் பொறிக்கலாம். மெஷின் வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, கையில் இருக்கும் மேட்டைத் திருப்பிப் பார்ப்பது.