கார்னெகி நிதியும் உபாத்தியாயர்களின் நம்பிக்கையும்

நம் சங்கத்து அங்கத்தினர் குடும்பங்களில் உபாத்திமைத் தொழிலால் காலங்கழித்து, முதுமையில் உபகாரச் சம்பளம் பெற்று வாழ்வோர் அநேகர். மாதம் பிறந்ததும் அத்தொகை தவறாது கைக்கு வரும் என்னும் நம்பிக்கையே அவர்களுக்கு ஊன்றுகோல். அந்நம்பிக்கை அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டான வரலாற்றையும், குலைந்த வரலாற்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எஃகுத் தொழிலால் பெருநிதி ஈட்டிய ஆண்ட்ரூ கார்னெகி என்னும் கனவான், கார்னெல் சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்களுள் ஒருவராயிருந்தபோது, அங்குள்ள ஆசிரியர்கள் பெறும் சம்பளம் எத்துணைச் சிறிது என்பதைக் கண்டு திடுக்கிட்டார். அச்சம்பளத்தில் முதுமைக்கென்று எதனை மிச்சம் பிடிப்பது? ஆதலின் 1905-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், 1 கோடி டாலர் மதிப்புள்ள எஃகுக் கம்பெனிக் கடன்பத்திரங்களைத் தனியே ஒதுக்கினார். நூற்றுக்கு 5 வீதம் வட்டியாக வரும் 5 லட்சம் டாலரைக்கொண்டு வருஷந்தோறும் கலாசாலை ஆசிரியர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்க வேண்டுமென்பது ஏற்பாடு. ஆசிரியர் ஒரு காசும் கட்டவேண்டுவதில்லை. மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கலாசாலைத் தலைவராயிருந்த ஹென்றி பிரிட்செட் என்பவர் இந்நிதியின் முதல் தலைவரானார். சமயப் பிரிவுகளின் ஆட்சிக்கு உட்பட்ட கலாசாலைகளுக்கு இதில் இடமில்லை என்று விதித்தனர். அதனாலேயே சில கலாசாலைகள் தம் சமயக்கட்டைத் தளர்த்திக்கொண்டன. பணத்தின் வலிமை அத்தகையது!

உபகாரச் சம்பளத்திற்கு வழி இரண்டு. 65 வயது நிரம்பி, 15 வருஷம் பேராசிரியராயிருந்தோர் பெறலாம். அன்றி, 25 வருஷம் பேராசிரியராய்ப் பணி செய்தோர் எவ்வயதினராயினும் பெறலாம். இரண்டாவது வழியே கலகத்திற்கு வித்தாயிற்று. 1909-ஆம் வருஷத்தில் தர்மகர்த்தர்கள் கூடி, உடல்நலங் கெட்டோர்க்கன்றி ஏனையோர்க்கு அவ்வழியை அடைத்துவிட்டனர். திடகாத்திரமுள்ளோரும் இளவயதிலேயே விலகுகின்றனர் என்பது அவர்கள் கூறிய காரணம். எனினும் இன்னும் ஓரிரு வருஷத்தில் விலகலாம் என்றெண்ணித் தம் வாழ்க்கையை வகுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்களை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. விதிகளை அனுபவத்திற்கேற்ப மாற்றும் அதிகாரம் தமக்கு உண்டென்று ஆதியிலேயே எழுதி வைத்திருப்பதைத் தர்மகர்த்தர்கள் சுட்டிக் காட்டினர். அஃது உண்மையே. ஆசிரியர்கள் வாக்குறுதியைப் படித்தனர். தர்மகர்த்தர்கள் அதனடியிலிருந்த நிபந்தனையைப் படித்தனர்.

பிரின்ஸ்டன் சர்வகலாசாலையை விட்டு அரசியலிற் புகுந்த உட்ரோ வில்சனும் 1910-ஆம் வருஷத்தில் இந்நிதியினின்று உபகாரச் சம்பளம் கேட்டு மறுக்கப்பட்டார். அடுத்த வருஷம் இச்செய்தி பத்திரிகையில் வெளிவர, ஜனாதிபதி பதவியை நாடி நின்ற அவருக்குச் சங்கடமாயிற்று. இருபத்தைந்து வருஷம் பாடஞ் சொன்னவர் கேட்டதில் யாது குற்றம் என்பதே நம் அபிப்பிராயம்.

உள்ளபடி நேர்ந்தது யாதெனில், முதற் கணக்கே பிசகிற்று. ஆசிரியர் தொகை பெருகிற்று; சம்பளம் உயர்ந்தது; வட்டியோ உயரவில்லை. 1915-ஆம் வருஷம் நவம்பர் மாதத்திற்குப் பின் வேலையிற் சேர்வோர்க்கு இலவச உபகாரச் சம்பளம் இல்லையென்று பட்டியலை மூடினர். முன்னரே சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பதற்கும் மூலநிதி போதாமையால், கார்னெகியின் வேறொரு நிதியான கார்னெகி கார்ப்பொரேஷன் பெருந்தொகை தந்து தாங்க வேண்டியதாயிற்று.

பின்னர் 1918-ஆம் வருஷத்தில், ஆசிரியர் இன்ஷூரன்ஸ், ஆண்டுத்தொகைச் சங்கம் என்னும் புதிய ஸ்தாபனத்தை நியூயார்க்கில் அமைத்தனர். ஆசிரியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 5 பங்கும், கலாசாலை 5 பங்கும் கட்டவேண்டும். இவ்வாறு சேரும் பொருள் ஆசிரியர்க்கே ஒப்பந்தப்படி உரியது. வேறு கலாசாலைக்குச் சென்றாலும் உடன் செல்லும். ஏற்பாடு நன்றே. எனினும் ஆசிரியர்கள் எளிதில் நம்பினாரில்லை. இதற்கும் பிரிட்செட்டே தலைவர். இதற்கும் கார்னெகியின் பணமே முதல். சூடுகண்ட பூனை அடுப்பங்கரை நாடுமோ? மனோதத்துவ சாஸ்திரியான ஜேம்ஸ் மக்கீன் காட்டெல், 1919-ஆம் வருஷத்தில் இவ்விஷயத்தைப்பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டு, பேராசிரியர்கள் பலரின் கண்டனக் கடிதங்களை அதிற் சேர்த்தார். ஜான் டியூவியை முதல் தலைவராகக்கொண்டு 1915-ஆம் வருஷத்தில் தோன்றிய சர்வகலாசாலை ஆசிரியர் சங்கத்தாரும், பணங்கட்டுவோர்க்கு நிர்வாகத்தில் இடம் வேண்டுமென வற்புறுத்தினர்.

பிரிட்செட் பொருளைக் கையாடியவரல்லர். அப்பழி அவர்மீது சுமத்துதல் நியாயமன்று. ஆயினும், பிறருடைய முதுமையைப்பற்றிய முடிவுகளைக் கதவடைத்த அறையிற் செய்யலாமென அவர் எண்ணியதை நாம் எளிதிற் பொறுக்க இயலவில்லை. ஆசிரியர்கள் விடாது கேட்டதன் பயனாக, சில வருஷங்களுக்குள், பணங்கட்டுவோர் தாமே தர்மகர்த்தர் சிலரின் பெயரைக் குறித்தனுப்பும் உரிமை பெற்றனர். அது முதல், ஆண்டுக்கணக்கு வாசிக்கப்படும் மேஜையைச் சுற்றி ஆசிரியர் தரப்பிலும் ஆட்கள் அமர்ந்தனர்.