தட்டின் மீது அதிகாரம்: சர்க்கரை நோயும் மாவுச்சத்தும் குறித்துச் சில குறிப்புகள்

சர்க்கரைக்காரர்களிடம் யாரும் 'குணமாயிடுச்சா?' என்று கேட்பதில்லை. 'கண்ட்ரோல்ல இருக்கா?' என்றுதான் கேட்கிறார்கள். பதினொரு வருஷமாக நானும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் மீது யாருடைய கட்டுப்பாடு என்று யோசிக்கப்போனால், இன்சுலினுக்கு முந்தைய காலத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அப்போது ஓரளவேனும் பலித்த வைத்தியம் சாப்பாடு ஒன்றுதான். சாப்பாட்டைக் கட்டுப்படுத்த, சாப்பிடுகிற ஆளையே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

1797இல் பிரிட்டிஷ் பீரங்கிப்படை மருத்துவர் ஜான் ரோலோ ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் நோயாளி மெரிடித் ஒரு கேப்டன். 34 வயது, பருமனான உடம்பு, அடங்காத தாகம், இனிக்கும் சிறுநீர். இன்று இரண்டாம் வகை என்றே வைத்துக்கொள்வோம். தாவர உணவிலிருந்து வயிற்றில் சர்க்கரை உற்பத்தியாகிறது என்பது ரோலோவின் கருத்து. விளக்கம் தவறு, வைத்தியம் பலித்தது. காலையில் பாலும் சுண்ணாம்புத் தண்ணீரும் கொஞ்சம் ரொட்டி வெண்ணெயும். மதியம் ரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டம். பிறகு நாள்பட்ட இறைச்சி. சிறுநீரில் இனிப்பு குறைந்தது. அந்த மதியப் பண்டம் நமக்கொன்றும் அந்நியமில்லை. ஆட்டு ரத்தப் பொரியல் தெரியாத ஊரோ சேரியோ இங்கே உண்டா? ஆனால் நான் பார்த்த எந்த டயட் சீட்டிலும் அந்தச் சொல் இல்லை.

அடுத்தது பாரிஸ். 1870-71இல் பிரஷ்யப் படை நகரத்தை முற்றுகையிட்டபோது ஜனங்கள் குதிரையையும் எலியையும் தின்றார்கள். நோயாளிகளின் சிறுநீரிலிருந்து சர்க்கரை மறைவதை பூஷார்தா என்கிற மருத்துவர் கவனித்தார். ஒரு நகரத்தின் பட்டினி ஆய்வுக்கூடமாகியது. 'முடிந்தவரை குறைவாகச் சாப்பிடு' என்பது அவருடைய போதனை. நேப்பிள்ஸில் கன்ட்டானி ஒரு படி மேலே போய், நோயாளிகளை அறையில் பூட்டியே வைத்தார். மருத்துவமனையும் சிறையும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்று நம்மில் பலர் கோட்பாடாகப் படித்ததை இங்கே சாவியோடு பார்க்கலாம்.

நியூயார்க்கில் ராக்பெல்லர் மருத்துவமனையில் ஃபிரடெரிக் ஆலன், 1910களில் பட்டினியையே முறைமையாக்கினார். முதலில் முழுப் பட்டினி, பிறகு அளந்து அளந்து உணவு. அவரிடம் இருந்த ஒரு பையனுக்கு 12 வயது, கண் தெரியாது. சாப்பாடெல்லாம் கண்காணிப்பில். அப்படியும் சிறுநீரில் சர்க்கரை. துருவித் துருவி விசாரித்ததில் தெரியவந்தது: பையன் பற்பசையைத் தின்றிருக்கிறான், தான் ஆசையாகக் கேட்டு வாங்கிய குருவியின் கூண்டிலிருந்து தீனியையும் எடுத்துத் தின்றிருக்கிறான். மருத்துவச் சொல்லாடலில் இது நோயாளியின் விசுவாசமின்மை. பசி என்கிற சொல் அங்கே வருவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எந்தப் பத்தியமும் உயிர் தராது, இன்சுலின்தான் தரும் என்பது 1922 ஜனவரியில் டொரன்டோவில் தெரிந்தது.

இன்சுலின் வந்ததும் மாவுச்சத்து தட்டுக்குத் திரும்பியது. கொழுப்பு வில்லனாகியது. 1986 வாக்கில் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் மாவுச்சத்து 60 சதவீதம் வரை இருக்கலாம் என்றது. அதே சங்கம் 2019இல், ரத்தச் சர்க்கரையைக் குறைக்க மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிகச் சான்று இருக்கிறது என்று எழுதியது. நடுவில் முப்பத்துச் சொச்சம் வருஷம். (மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று சோற்றை நிறுத்தவேண்டாம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொண்டுதான் செய்யவேண்டும்.)

எனக்குக் கிடைத்த சீட்டில் 'இரவு 2 சப்பாத்தி' என்றிருந்தது. தமிழ்நாட்டில் கோதுமைக்கு இப்படியொரு மருத்துவ அந்தஸ்து. 2025இல் வெளியான நாடுதழுவிய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியர்களின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ போட்டால் மட்டும் ஆபத்து குறைவதில்லை, மொத்த அளவு குறைந்து, பருப்பு, பால், முட்டை, மீன் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. சீட்டில் மீன் ஒரு வரி இருந்தது. கருவாடு இல்லை. உப்பு அதிகம் என்பது சரிதான், ஆனால் ஊறுகாயைப் பற்றி எச்சரிக்கவாவது அதில் ஒரு வரி இருந்தது.

இனி ரேஷன் கடை. 2011 ஜூனிலிருந்து இங்கே அரிசி இலவசம். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ; ஆளுக்கு ஒரு நாளைக்கு 167 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் ஏறக்குறைய 130 கிராம். 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ. ஆளுக்கு 8 கிராம். 'அரிசியை விடுங்கம்மா' என்று டாக்டர் சொல்லும்போது, 130ஐக் குறைத்து எதை வைப்பது? 8ஐயா?

இதைக் காட்டி இலவச அரிசியை நிறுத்தச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாரிஸ் முற்றுகையை வைத்தியமாகச் சிபாரிசு செய்கிறவர்கள். ரேஷன் அரிசி பஞ்சத்தின் நினைவு உள்ளவர்கள் போராடி வாங்கியது. அதிலிருந்து ஒரு மணியும் குறையக்கூடாது, பக்கத்தில் பருப்பு கூடவேண்டும், முட்டை வரவேண்டும். சத்துணவில் பிள்ளைகளுக்கு 2010 முதல் வாரம் 5 முட்டை கொடுக்க முடிந்திருக்கிறது. சர்க்கரை உள்ள பாட்டிக்கு ஏன் முடியாது?

சங்கக் கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொன்னேன். 'அது வசதிக்காரன் வியாதி தோழர்' என்றார் ஒருவர். அவருக்கும் சர்க்கரை உண்டு. டீயில் மட்டும் சீனி போடாமல் குடிக்கிறார். மத்தியானம் முழுச் சாப்பாடு.