பொட்டிப்புரம் நியூட்ரினோ விவாதம்: வாதப் போலிகளும் கேலியும்

தேனி மாவட்டத்தில் தேவாரத்தை அடுத்துள்ள பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைச் சுற்றித் தமிழ்நாட்டில் எழுந்த அரசியல் விவாதம் இது. மேடைப் பேச்சிலும் துண்டறிக்கையிலும் தொடங்கி, 2015க்குப் பிறகு முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் வழியாகப் பரவியது. இணையத்தில் நடக்கும் தமிழ் அரசியல் வாதங்களில் காரணங்கள் எங்கே பழுதுபடுகின்றன, கேலி எப்படி வாதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் படிக்க இவ்விவாதம் பெரிதும் உதவும். இரு தரப்பும் உரக்கப் பேசியவை வேறு. திட்டத்தின் போக்கை முடிவு செய்தவை வேறு.

திட்டம்

இந்திய நியூட்ரினோ ஆய்வகம் முதலில் நீலகிரியின் சிங்காரா பகுதிக்குத் திட்டமிடப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் இருப்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த இடத்தை மறுத்தது. அடுத்து, பொட்டிப்புரம் அமைந்துள்ள போடி மேற்கு மலைப் பகுதி தேர்வானது. வளிமண்டலத்தில் உருவாகும், நியூட்ரினோ அல்லாத மற்றத் துகள்களைத் தடுத்து நிறுத்த, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பாறை வேண்டும். பொட்டிப்புரத்தில் உறுதியான சார்னோக்கைட் பாறை ஒரே திரளாக அமைந்த மலை அதற்குத் தோதாக இருந்தது. சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட குகை, அதற்குள் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்கருவி என்பதே வரைவு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்த, அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் நிதி தருவதாக ஏற்பாடு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

நியூட்ரினோ மின்னேற்றம் இல்லாத, மிகமிகச் சிறு நிறையுள்ள துகள். சூரியனிலிருந்து வருபவை மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நம்மைக் கடந்து போகின்றன. வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்த ஆய்வுகளில் ஒன்று, 1965இல் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில் நடந்தது.

பள்ளத்தாக்கின் முன்கதை

பொட்டிப்புரம் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இந்த விவாதத்துக்குள் வெறுங்கையோடு நுழையவில்லை. 2011 இறுதியில் கேரளத்துடனான முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் கொதித்தபோது, அம்மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பலர் எல்லை தாண்டி ஊர் திரும்ப நேர்ந்தது. கம்பத்திலிருந்து குமுளி நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அணை உடைவதைக் காட்டிய ‘டேம் 999’ திரைப்படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. அணை உடைந்தால் இத்தனை லட்சம் பேர் சாவார்கள் என்ற அச்சம் கேரளப் பக்கம், நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பானது என்று சொன்னது தமிழ்நாட்டுப் பக்கம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே காலத்தில் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. அரசும் விஞ்ஞானிகளும் ‘ஆபத்தில்லை’ என்று சொன்னால் நம்பக் கூடாது என்ற மனநிலை இந்த இரண்டு அனுபவங்களிலும் ஊறியது. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு.

காரணங்கள் பழுதுபட்ட இடங்கள்

வாதப் பிழைகளை வகைப்படுத்தும் வேலை தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைக் கற்பிக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என்று அங்கே 33 பிழைகள் வகுக்கப்பட்டுள்ளன. நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று பழுதானால் பக்கப்போலி, அதற்குச் சொல்லும் காரணம் பழுதானால் ஏதுப்போலி, காட்டும் சான்று பொருந்தாவிட்டால் எடுத்துக்காட்டுப் போலி. இன்றைய வாட்ஸ்அப் வாதத்துக்கும் இந்த வகைப்பாடு அப்படியே பொருந்துகிறது.

‘அணுசக்தித் துறை நடத்துகிறது, ஆகவே உள்ளே கதிர்வீச்சு இருக்கும், மலைக்குள் அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள்’ என்பது எதிர்ப்புத் தரப்பில் மிகுதியாகச் சுற்றிய வாதம். அதே அணுசக்தித் துறையின் கீழ்தான் மும்பை டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், சென்னைத் தரமணியில் தாளும் பேனாவுமாகக் கணக்குப் போடும் கணித அறிவியல் நிறுவனமும் இயங்குகின்றன. சொன்ன காரணம் கதிர்வீச்சு உள்ள இடத்திலும் இருக்கிறது, இல்லாத இடத்திலும் இருக்கிறது. இப்படி இரு பக்கமும் பொருந்திப் போகும் காரணத்தை அளவை நூல் அநைகாந்திகம் என்கிறது. இதே தரப்பு இதைவிட வலுவான ஒன்றைச் சொல்லியிருக்கலாம். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தகவல்களை மறைத்து வைக்க இடம் தருகிறது. அப்படிப்பட்ட துறையிடம் வெளிப்படையான கண்காணிப்பைக் கேட்பது முழு நியாயம். அந்தக் கேள்வி கழிவுக் கதைக்குள் மூழ்கிப்போனது.

ஆதரவுத் தரப்பின் முதன்மை வாதம், ‘நியூட்ரினோ யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது, ஆகவே திட்டத்தால் தீங்கில்லை’ என்பது. முதல் பாதி மறுக்க முடியாத உண்மை. ஆனால் பொட்டிப்புரத்துக்காரர் கேட்டது நியூட்ரினோவைப் பற்றி அல்ல. பல லட்சம் டன் பாறையை வெடி வைத்து உடைப்பது, அந்தக் கல்லை எங்கே கொட்டுவது, தூசி, கிணற்று நீர், மலையடிவார மேய்ச்சல் ஆகியவற்றைப் பற்றி. தீங்கின்மை என்ற காரணம் துகளில் இருக்கிறது, சுரங்கத்தில் இல்லை. பேசப்படும் பொருளில் நிலைபெறாத காரணத்துக்கு அசித்தம் என்று பெயர். விவாதம் முழுவதிலும் அதிகச் சேதம் விளைத்தது இந்தப் பிழைதான் என்று சொல்லலாம். படித்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்டவர்களோ, தங்கள் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றே மறைக்கப்படுகிறது என்று முடிவு செய்தார்கள்.

அசித்தத்திலேயே ஓர் உட்பிரிவு உண்டு. ஒரு தரப்பு மட்டும் ஒப்புக்கொள்ளும் காரணத்தை முன்வைப்பது அன்னியதராசித்தம். ‘சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையே பாதிப்பில்லை என்கிறது’ என்ற பதில் அந்த வகை. கோவை சலீம் அலி பறவையியல் மையம் தயாரித்த அந்த அறிக்கையைத்தான் எதிர்த்தரப்பு ஏற்கவே இல்லை. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது என்பது பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிந்தது.

எடுத்துக்காட்டுகளிலும் இரு தரப்பும் பாதியளவே சரி. கோலாரில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றது ஆதரவுத் தரப்பு. கருவியைப் பற்றிய அச்சத்துக்கு அது நல்ல பதில். ஆனால் கோலாரில் தங்கத்துக்காக ஏற்கெனவே தோண்டிய சுரங்கம் இருந்தது. இங்கே மலையைப் புதிதாகக் குடைய வேண்டும். எதிர்த்தரப்பு இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தைக் காட்டியது. 2002இல் அங்கே வேதித் திரவம் கசிந்தது உண்மை. பொட்டிப்புரக் கருவியோ இரும்புத் தகடுகளால் ஆனது. அத்தகைய திரவத் தொட்டி அதில் இல்லை. ஆனால் கிரான் சாசோவில் சுரங்கம் தோண்டியபோது மலையின் நீர்த்தாங்கி குலைந்தது என்ற செய்தி பொட்டிப்புரத்துக்கு நேரடியாகப் பொருந்தும். கசிவு பரபரப்பாக இருந்ததால் அது பரவியது, நீர்த்தாங்கி பின்னுக்குப் போனது.

சுரங்க வெடியால் முல்லைப்பெரியாறு, இடுக்கி அணைகள் தகரும் என்ற வாதம் இன்னும் சிக்கலானது. ஐந்து மாவட்டங்களுக்கு நீர் தரும் முல்லைப்பெரியாறு நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கிறது என்று கேரளத்தை நோக்கிச் சொன்னவர்களே, தொலைவில் வைக்கும் வெடிக்கு அது தாங்காது என்று இங்கே சொன்னார்கள். சுவசன விருத்தம், அதாவது தன் கூற்றைத் தானே மறுப்பது, என்று அறவண அடிகளின் பட்டியலில் சேர்த்துவிடத் தோன்றும். கறாராகப் பார்த்தால் முரண் இல்லை. உறுதியான அணைக்கும் அதிர்வால் கேடு வரலாம். எவ்வளவு தொலைவு, எவ்வளவு வெடிமருந்து, எவ்வளவு அதிர்வு என்ற கணக்கு சொல்லியிருந்தால் அது வாதமாக நின்றிருக்கும்.

‘வெளிநாட்டிலிருந்து நியூட்ரினோக் கற்றையைப் பாய்ச்சப் போகிறார்கள், இது ஆயுத ஆராய்ச்சி’ என்ற குற்றச்சாட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஆயுதம் என்பதற்கு இயற்பியலில் அடிப்படை கிடையாது. ஆனால் திட்டத்தின் தொடக்க கால அறிக்கைகளில், பின்னொரு கட்டத்தில் தொலைதூர நியூட்ரினோ ஆலையிலிருந்து வரும் கற்றையைப் பதிவு செய்யவும் இக்கருவி பயன்படலாம் என்ற குறிப்பு இருந்தது. அப்படி எதுவுமே இல்லை என்று ஒரே வரியில் மறுத்தவர்கள், அந்தப் பழைய பக்கத்தை எதிர்த்தரப்பு எடுத்துப் போட்டபோது நம்பிக்கையை இழந்தார்கள். முதலிலேயே ‘ஆம், அப்படி ஒரு யோசனை இருந்தது, அதில் ஏன் ஆபத்தில்லை என்றால்’ என்று தொடங்கியிருந்தால் கதை வேறு. மறைத்த உண்மை பொய்யைவிடப் பெரிய ஆயுதமாக எதிராளி கைக்குப் போய்விடுகிறது.

ஆளைக் காட்டி முடிக்கும் வாதமும் பெருகியது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2015 ஜூனில் திட்டத்தை ஆதரித்து எழுதினார். ‘கலாமே சொல்லிவிட்டார்’ என்பது அதன்பின் பலருக்கு முற்றுப்புள்ளியாகிவிட்டது. அவர் எழுதியதைப் படித்து அதிலுள்ள காரணங்களை எடுத்து வைத்தவர் குறைவு. எதிர்ப்பவர் ‘அந்நியக் கைக்கூலி’, ஆதரிப்பவர் ‘தமிழினத் துரோகி’ என்ற முத்திரைகள் இரண்டு பக்கமும் பறந்தன.

கேலி

இந்தியத் தருக்கத்தின் நியாய மரபு விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது: உண்மை காண இருவரும் முயல்வது வாதம், எப்படியாவது வெல்ல முயல்வது சற்பம், தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளியை மட்டும் அடிப்பது விதண்டை. எதிராளி என்ன பொருளில் சொன்னார் என்று தெரிந்துகொண்டே வேறு பொருளைப் பிடித்து மடக்குவதற்குச் சலம் என்று பெயர்.

இவ்விவாதத்தில் மிகப் பழகிய மீம் ஒரு சலம். எதிர்ப்பாளர் ஒருவர் ‘நியூட்ரான்’ என்று வாய் தவறிச் சொன்னால் போதும்; ‘நியூட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் போராட வந்துவிட்டான்’ என்று நடிகர் வடிவேலு முகத்தை ஒட்டிச் சுற்றவிட்டார்கள். அவர் கேட்டது கிணற்றைப் பற்றி. துகளின் பெயரைச் சரியாகச் சொல்வதற்கும், வெடி வைத்தால் கிணற்றில் நீர் நிற்குமா என்று கேட்கும் உரிமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மறுபக்கத்தில், பொறுமையாக விளக்க முன்வந்த இயற்பியலாளர்கள் ‘அப்படியானால் ஆய்வகத்தை உன் வீட்டுத் தோட்டத்தில் கட்டு’ என்ற ஒரே வரியால் விரட்டப்பட்டார்கள். அதற்கு ஆயிரம் விருப்பக்குறிகள் விழுந்தன, விளக்கத்துக்கு நான்கு.

கேலி எல்லாமே கெட்டதென்று சொல்வதற்கில்லை. அதிகாரத்தின் மழுப்பலை ஒரே படத்தில் தோலுரிக்கும் நையாண்டிக்குத் தமிழ் அரசியலில் மதிப்புமிக்க இடம் உண்டு. மலையைக் குடையும் திட்டம் சுற்றுச்சூழல் விதிகளில் ‘கட்டடக் கட்டுமானம்’ என்ற பிரிவில் வைக்கப்பட்டதைக் கிண்டல் செய்தது அப்படிப்பட்டது. அதற்குள் உண்மையான சட்டக் கேள்வி இருந்தது. அதிகாரமில்லாத மனிதரின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பது அதிலிருந்து முற்றிலும் வேறு. அப்படிச் சிரிக்கப்பட்டவர் அடுத்த முறை கேள்வி கேட்பதில்லை. தன் பக்கத்தில் மிக உரக்கக் கத்துபவரின் பின்னால் போய் நின்றுகொள்கிறார்.

2018 மார்ச் 31 அன்று மதுரையிலிருந்து மதிமுக பொதுச்செயலாளர் வைகோ நியூட்ரினோ எதிர்ப்பு நடைப்பயணத்தைத் தொடங்கியபோது கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார், பிறகு உயிரிழந்தார். ஒரு துகள் ஆய்வகத்துக்காக ஒரு மனிதர் உயிரை விடும் அளவுக்கு அச்சம் முற்றியிருந்தது. அந்த அச்சத்தை ஊட்டியவர்களுக்கும், அதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

முடிவு செய்த காரணங்கள்

வைகோ தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல் பெறும்வரை வேலை தொடங்கக் கூடாது என்றது. ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பைச் சேர்ந்த கோ. சுந்தர்ராஜன் வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. காரணங்கள் இரண்டு. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆய்வறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதி தந்தது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று தீர்ப்பாயம் அந்த அனுமதியை ஏற்றுக்கொண்டாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றது.

2021 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமரிடம் கோரினார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில், மதிகெட்டான்–பெரியாறு புலி வழித்தடத்தில் வரும் இம்மலையில் திட்டத்துக்கு அனுமதி தர இயலாது என்று தெரிவித்தது. பத்தாண்டு இணைய வாதத்தில் ஆயுதமும் அணுக்கழிவும் பெற்ற இடத்தில் சிறு பங்குகூடப் புலி வழித்தடத்துக்குக் கிடைத்ததில்லை.

மதுரையில் இத்திட்டத்தின் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி உணர்கருவி இயங்கியிருக்கிறது. பொட்டிப்புரக் கருவி விடை தேடவிருந்த, நியூட்ரினோக்களின் நிறை வரிசை என்ற கேள்வியை இப்போது சீனாவின் ஜியாங்மென் நிலத்தடி ஆய்வகம் கையில் எடுத்திருக்கிறது. 2015இல் தோண்டத் தொடங்கிய அது 2025இல் தரவு சேகரிக்க ஆரம்பித்தது.